கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது? பெட்டி கட்டும் முன் ஒரு வழிகாட்டி

போன வருடம் அப்பா, அம்மா, மனைவி, எட்டு வயது மகன் என்று ஐந்து பேராகச் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு குரூஸ் (சொகுசுக் கப்பல் சுற்றுலா) போனோம். பினாங்கு, புக்கெட் தொட்டுவிட்டுத் திரும்பும் வழக்கமான பயணம்தான். விசா, டிக்கெட், இன்ஷூரன்ஸ் எதுவும் என்னை அவ்வளவாகப் படுத்தவில்லை. டின்னருக்கு என்ன போடுவது என்ற கேள்விதான் மூன்று வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. முன்பதிவுக் கடிதத்தில் ‘ஃபார்மல் நைட்: 1’, அதாவது விழா உடையில் சாப்பிடப் போகும் இரவு ஒன்று, என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை.

அந்த ஒரு வரிக்குப் பயந்து 7,800 ரூபாய்க்கு பிளேசர் வாங்கினேன். அப்பாவுக்கும் ஒன்று எடுக்கலாம் என்று கடைக்குக் கூட்டிப்போனால், “ஏல, சோறு திங்கதுக்குக் கோட்டு எதுக்குல?” என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். திருநெல்வேலிக்காரர், வேட்டியைத் தவிர வேறு எதற்கும் மசியமாட்டார். கடைசியில் அந்த பிளேசரை நான் போட்டிருந்தது மொத்தம் நாற்பது நிமிடம். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

இது முதன்முறை குரூஸ் போகிறவர்களுக்காக எழுதுவது. அதிலும் ‘கேஷுவல்’ என்று விற்கப்படும் கப்பல்களுக்கு மட்டும்.

1. உங்கள் கப்பல் எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்

எல்லாக் கப்பலுக்கும் ஒரே விதி என்று நினைப்பதுதான் முதல் தவறு. யாரோ ஒருவர் வீடியோவில் கறுப்புக் கோட், போ டை கட்டிக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு நாமும் அப்படிப் போகவேண்டும் என்று பதறுவோம். அவர் போனது வேறு ரகக் கப்பலாக இருக்கும்.

நார்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. அங்கே கட்டாய ஃபார்மல் இரவே கிடையாது. சில உணவகங்களில் மட்டும் நீளப் பேண்ட் கேட்பார்கள், அவ்வளவுதான். கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் பெரும்பாலான இரவுகள் ‘குரூஸ் கேஷுவல்’. இரண்டு முதல் ஐந்து நாள் பயணத்தில் ஒரு ‘குரூஸ் எலிகன்ட்’ இரவு (அவர்களுடைய ஃபார்மல் இரவு), ஆறு நாளோ அதற்கு மேலோ என்றால் இரண்டு. ராயல் கரீபியனிலும் கணக்கு ஏறக்குறைய இதேதான். குறுகிய பயணத்தில் ஒன்று, ஒரு வாரத்துக்கு இரண்டு. செலிப்ரிட்டி 2015இல் ஃபார்மல் இரவு என்ற பெயரையே எடுத்துவிட்டு ‘ஈவினிங் ஷிக்’ என்று மாற்றியது. கொஞ்சம் ஸ்டைலாக வந்தால் போதும், டை வேண்டாம் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளலாம்.

குனார்ட் மட்டும் தனி உலகம். ‘குயின் மேரி 2’ போன்ற அதன் கப்பல்களில் மாலை ஆறு மணிக்கு மேல் கப்பலின் பெரும்பகுதியில் உடை விதி உண்டு. காலா எனப்படும் விருந்து இரவுகளில் அடர்நிறக் கோட், டை என்று நிஜமாகவே எதிர்பார்ப்பார்கள். உங்கள் டிக்கெட் குனார்ட் என்றால் கீழே நான் சொல்லும் பல தளர்வுகள் பொருந்தாது.

2. முன்பதிவுக் காகிதத்தில் மூன்று விவரங்களைத் தேடுங்கள்

பணம் கட்டிய பிறகு வரும் கடிதத்தை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. உடை விஷயத்துக்கு அதில் மூன்று விவரங்கள் வேண்டும்.

முதலாவது, ஃபார்மல் இரவு எத்தனை என்பது. கடிதத்தில் இல்லாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் கேள்வி-பதில் பகுதியில் ‘வாட் டு வேர்’ அல்லது ‘டிரெஸ் கோட்’ என்று தேடுங்கள். டிராவல் ஏஜெண்டிடம் கேட்டால் “சார், ஒரு கோட் வெச்சுக்கோங்க, சேஃப்” என்பார். பெட்டி தூக்கப்போவது அவர் இல்லை.

இரண்டாவது, உங்கள் சாப்பாட்டு நேரம். பெரிய சாப்பாட்டு அறையில் நிலையான நேரம் என்றால் பொதுவாக இரண்டு பந்தி இருக்கும். முதல் பந்தி ஐந்து, ஐந்தரை வாக்கில். இரண்டாவது ஏழரை, எட்டு வாக்கில். முதல் பந்தி கிடைத்தால் கரைக்குப் போய் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி, குளித்து உடுத்த அவகாசம் குறைவு. ஐந்து பேருக்கு ஒரே ஒரு குளியலறை என்றால் அந்த நேரத்தில் சேலை கட்டவே முடியாது. நேரத்தை மாற்றவேண்டும் என்றால் ஏறுவதற்கு முன்பே கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் மாற்றப் பாருங்கள். ஏறிய அன்று மதியம் போய்க் கேட்டாலும் சில சமயம் நடக்கும்.

மூன்றாவது, கூடுதல் காசு கட்டிச் சாப்பிடும் உணவகம் எதையாவது பதிவு செய்திருக்கிறீர்களா என்பது. அவற்றுக்குத் தனி உடை விதி இருக்கலாம், கப்பல் முழுக்க கேஷுவல் என்றாலும்கூட.

3. எந்த இரவுக்கு எது என்று நம்மூர்க் கணக்கில் அளந்துகொள்ளுங்கள்

‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றால் என்ன என்று அகராதியில் தேடிப் பிரயோசனம் இல்லை. என் மனைவி ஒரு கணக்குச் சொன்னாள், அது கடைசிவரை தப்பவில்லை. வெறும் ‘கேஷுவல்’ என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போகும் உடை. ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றால் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் வீட்டு ரிசப்ஷனுக்குப் போகும் உடை. ‘ஃபார்மல்’ என்றால் சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன். அதற்கு மேல் போகத் தேவையே இல்லை.

கேஷுவல் கப்பலில் யாரும் உங்களை ‘போதுமான அளவு அலங்காரம் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்போவதில்லை. அவர்கள் தடுப்பது ஒரு கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால்தான். அந்தக் கோடு எது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நீச்சல் உடை, வெறுங்கால், ஆண்களுக்குக் கையில்லாத பனியன் மாதிரி டி-ஷர்ட், ஜிம் டிராயர், கிழிசல் ஜீன்ஸ், தொப்பி, ரப்பர் செருப்பு ஆகியவற்றை இரவில் பெரிய சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். முட்டிக்கு மேல் நிற்கும் டிராயர் விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. சாதாரண இரவில் நல்ல பெர்முடாவை விடுகிறவர்கள்கூட ஃபார்மல் இரவில் விடமாட்டார்கள். நீளப் பேண்ட் போட்டுக்கொண்டால் இந்தச் சந்தேகமே வராது.

ஆண்களுக்கு ஒரு நல்ல பேண்ட், காலர் வைத்த இரண்டு சட்டை, மூடிய ஷூ ஒன்று. நான்கு இரவுக்கு இது தாராளம். கறுப்பு ஜீன்ஸ் கிழிசல் இல்லாமல் இருந்தால் பெரும்பாலான இரவுகளுக்கு அதுவே போதும். பெண்களுக்கு ஏற்கெனவே பீரோவில் இருப்பதே எதிர்பார்ப்பைத் தாண்டி நிற்கும், அதை அடுத்துச் சொல்கிறேன். குழந்தைகளை யாரும் கண்டுகொள்வதில்லை. என் மகன் ஃபார்மல் இரவில் டைனோசர் டி-ஷர்ட்டோடு உட்கார்ந்து இரண்டு ஐஸ்க்ரீம் சாப்பிட்டான்.

ஃபார்மல் இரவே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. மேல்தளத்து பஃபேயில் அன்றும் சாதாரண உடையே போதும். சாப்பாட்டுக்குத் தனிக் காசும் இல்லை. ஆனால் எல்லோரும் இதையே யோசிப்பதால் அன்றைக்கு பஃபேயில் இடம் பிடிக்கக் கொஞ்சம் சுற்றவேண்டியிருக்கும்.

4. வேட்டியும் சேலையும்

நான் அதிகம் பயந்தது இதற்குத்தான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கோட்டுக் கட்டாயம் மிகுந்த குனார்டே காலா இரவில் அவரவர் நாட்டு மரபு உடையை ஏற்றுக்கொள்கிறது. கேஷுவல் கப்பலில் அதற்கு ஆட்சேபணை வரும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. நம் ஊரிலேயே ஒரு கிளப்பில் வேட்டி கட்டியவரை உள்ளே விடவில்லை என்று பிரச்சினையாகி, 2014இல் தனியாகச் சட்டமே போடவேண்டி வந்தது. அந்தச் சட்டம் கடலில் செல்லாது, ஆனால் கடலில் அதற்கு அவசியமும் வரவில்லை.

ஃபார்மல் இரவில் அப்பா வெள்ளை முழுக்கைச் சட்டை, மயில்கண் கரை வேட்டி, தோளில் துண்டு என்று கிளம்பினார். நான் பிளேசரில் புழுங்கிக்கொண்டே பின்னால் போனேன். சாப்பாட்டு அறை வாசலில் நின்ற பெண் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். எனக்குப் பகீர் என்றது. அவள் கேட்டது, “உங்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று. உள்ளே போய்ப் பார்த்தால் பாதிப் பேர் காலர் வைத்த டி-ஷர்ட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பிளேசரைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டேன். அதன் கதை அதோடு முடிந்தது.

வேட்டியில் கவனிக்க வேண்டியவை சில. கரை வைத்த எட்டு முழ வேட்டி, முழுக்கைச் சட்டை என்று இருந்தால்தான் அது விழா உடையாகத் தெரியும். மடித்துக் கட்டிக்கொண்டு நடக்காதீர்கள். கப்பல் லேசாக ஆடும், மாடிப்படிகள் அதிகம், எனவே கட்டிப் பழக்கமில்லாதவர்கள் ஒட்டிக்கோ வேட்டியும் பெல்ட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலில் தோல் செருப்பு போதும், ரப்பர் வேண்டாம். கைலி கேபினுக்குள் மட்டும். அப்பா அதிலேயே தாழ்வாரம் வரை வந்து ஐஸ் கேட்டார் என்பது வேறு விஷயம்.

சேலை எந்த இரவுக்கும் போதும், ஃபார்மல் இரவுக்கும். ஆனால் காஞ்சிப் பட்டைக் கொண்டுபோகாதீர்கள். எடை, கசங்கல், சூப் சிந்தினால் துக்கம் என்று மூன்று தொல்லை. சாஃப்ட் சில்க், மைசூர் சில்க், கிரேப் போன்றவை மடிப்பிலிருந்து எடுத்ததும் கட்டலாம். ப்ளவுஸ், உள்பாவாடை, பின் எல்லாவற்றையும் அந்தச் சேலையோடே ஒரு கவரில் போட்டுவிடுங்கள். உள்பாவாடையைத் தேடி மூன்று பெட்டியைக் கவிழ்த்த அனுபவம் எங்களுக்கு உண்டு. சாதாரண இரவுகளுக்குச் சுடிதாரே நிறைவு. இன்னொன்று, சாப்பாட்டு அறையில் ஏசி நடுக்கிவிடும். பெரியவர்களுக்கு ஒரு சால்வை கட்டாயம்.

வெள்ளை உடை இரவு, அந்தக் காலத்து டிஸ்கோ இரவு என்று சில கப்பல்களில் ‘தீம்’ வைப்பார்கள். இவை விருப்பப்பட்டால் மட்டும். வெள்ளை இரவு என்றால் வேட்டிக்காரர்கள் ஒரு காசு செலவில்லாமல் ஜெயித்துவிடலாம்.

5. செலவு: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

என் கணக்கை அப்படியே தருகிறேன். பிளேசர் 7,800, எனக்குப் புது ஷூ 3,200, மனைவிக்குக் ‘கப்பலுக்கு’ என்று எடுத்த கவுன் 4,500, மகனுக்குக் குட்டிக் கோட் செட் 2,400. ஆக மொத்தம் 17,900 ரூபாய். இதில் உருப்படியாகப் பயன்பட்டது ஷூ மட்டும். கவுன் பெட்டியிலேயே இருந்தது, மகன் கோட்டைப் பார்த்ததும் அழுதான்.

கோட்டை வாடகைக்கு எடுக்கலாமா என்றும் விசாரித்தேன். ஒரு நாளைக்கு 1,500 என்றவர், போகவர ஏழு நாள் ஆகும் என்றதும் 6,000 கேட்டார். அதற்கு வாங்கிவிடலாம், வாங்குவதற்குப் பதில் வீட்டில் இருப்பதையே போடலாம். திரும்பப் போனால் ஒரு நல்ல முழுக்கைச் சட்டைக்கு மட்டும் செலவழிப்பேன்.

பெட்டி எடையும் செலவுதான். பிளேசர், தோல் ஷூ, அதற்கான பெல்ட் எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். விமானத்தில் ஆளுக்கு 20 கிலோ என்றால் திரும்பும்போது சிங்கப்பூர் முஸ்தபா கடையில் வாங்கியதை வைக்க இடம் தேடுவீர்கள்.

ஃபார்மல் இரவில் பின்னணித் திரை கட்டிப் புகைப்படக்காரர்கள் நிற்பார்கள். நின்று எடுத்துக்கொள்வது இலவசம், படத்தை வாங்கும்போதுதான் காசு. எங்கள் கப்பலில் ஒரு பிரதி சுமார் 20 அமெரிக்க டாலர். பிடிக்காவிட்டால் வாங்கவே தேவையில்லை. அம்மா ஒரே ஒரு படம் வாங்கச் சொன்னார், அப்பா வேட்டியில் நிற்பதை.

6. இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள்

இதில்தான் நான் வசமாக மாட்டினேன். பயணத்துக்கென்று குட்டி அயர்ன் பாக்ஸ் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். பெரும்பாலான கப்பல்களில் அயர்ன் பாக்ஸ், துணிக்கான ஸ்டீமர் இரண்டுக்கும் தடை. தீ பயம்தான் காரணம். எக்ஸ்டென்ஷன் போர்டுக்கும் பொதுவாக அதே கதி. எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டால் பெட்டியையே நிறுத்திவைத்துவிடுவார்கள். நீங்கள் போய்த் திறந்து காட்டவேண்டும். பொருளை வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள், கடைசி நாளில் திரும்பக் கிடைக்கும். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

குனார்ட், பிரின்சஸ் போன்ற சில நிறுவனங்களின் கப்பல்களில் நாமே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளும் அறை உண்டு. மற்றவற்றில் சலவைப் பையில் போட்டு, சீட்டில் எழுதிக் கேபின் ஊழியரிடம் தரவேண்டும். ஒரு உருப்படிக்கு இத்தனை டாலர் என்று விலைப்பட்டியல் அலமாரிக்குள் இருக்கும். எங்கள் பட்டியலில் சேலை என்ற வரியே இல்லை. கவுன் கணக்கில் சேர்த்தார்கள். நேரமும் முக்கியம். சாதாரணமாகக் கொடுத்தால் ஒரு நாளாவது ஆகும், அன்றே வேண்டும் என்றால் கூடுதல் காசு. ஃபார்மல் இரவுக்கு வேண்டியதை ஏறிய அன்று மாலையே கொடுத்துவிடுங்கள்.

காசில்லாத வழியும் இருக்கிறது. சட்டையைக் குளியலறையில் மாட்டி, கதவைச் சாத்தி, வெந்நீர் ஷவரைச் சில நிமிடம் திறந்துவிட்டால் சுருக்கம் முக்கால்வாசி போய்விடும். ஜரிகைச் சேலைக்கு இதைச் செய்யாதீர்கள், சொட்டுப் பட்டால் கறை நிற்கும். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நான்கைந்து வாங்கிப்போனால் துணியை அங்கேயே தொங்கவிடலாம். அலமாரி சின்னது, ஹேங்கரும் குறைவு.

7. முதல் நாள் கைப்பை

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு சீட்டு மாட்டிவிடுவார்கள். அவை உங்கள் கேபின் வாசலுக்கு வர மாலை, சில சமயம் இரவு ஆகிவிடும். முதல் பந்தி சாப்பாடு அதற்கு முன்பே ஆரம்பித்திருக்கும்.

அதனால் முதல் இரவுக்கான உடை கையோடு இருக்கவேண்டும். ஆளுக்கு ஒரு சட்டை, ஒரு பேண்ட் அல்லது சுடிதார், உள்ளாடை, ஒரு சீப்பு. பாஸ்போர்ட், விசா பிரிண்ட், கப்பல் போர்டிங் பாஸ், மருந்து மாத்திரை இவையும் இதே பையில். இவற்றை மறந்து பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் உடைப் பிரச்சினை எழவே எழாது, ஏனென்றால் கப்பலிலேயே ஏறமுடியாது.

என் பெட்டி அயர்ன் பாக்ஸால் நிறுத்தப்பட்டதில் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் கைக்கு வந்தது. சென்னையில் அதிகாலை விமானத்துக்குப் போட்ட டி-ஷர்ட்டோடே போய் உட்கார்ந்தேன். நல்லவேளை, முதல் இரவு எல்லாக் கப்பலிலும் பொதுவாகக் கேஷுவல்தான். என்னைப் போலவே நாலைந்து பேர் இருந்தார்கள்.

8. ஏறிய பிறகு தினசரிச் சீட்டைப் பாருங்கள்

எந்த இரவு எந்த உடை என்பது கப்பலின் தினசரி நிகழ்ச்சிச் சீட்டில் இருக்கும். ராயல் கரீபியனில் அதற்குப் பெயர் ‘குரூஸ் காம்பஸ்’, நார்வீஜியனில் ‘ஃப்ரீஸ்டைல் டெய்லி’. இப்போது அநேகமாக எல்லாம் ஆப்பிலேயே வந்துவிடுகிறது. ஆப்பைக் கரையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். கப்பலுக்குள் அதைப் பார்க்க இன்டர்நெட் பேக்கேஜ் வாங்கவேண்டியதில்லை, கப்பல் வைஃபையோடு இணைத்தால் போதும்.

ஊகம் செய்யாதீர்கள். ஃபார்மல் இரவைக் கரை தொடாத கடல் நாளில் வைப்பதுதான் வழக்கம் என்று படித்திருந்தேன். எங்களுக்குக் கடல் நாள் நான்காவது நாள். அதை நம்பிச் சாவகாசமாக இருந்தால், இரண்டாம் நாளே என்று சீட்டில் போட்டிருந்தது. பினாங்கில் கோவில், கடை என்று சுற்றிவிட்டு நாலரைக்கு ஏறியவர்கள், அரக்கப் பறக்க உடுத்தவேண்டியதாயிற்று. ஏறியதும் முதல் வேலையாக எல்லா இரவுகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விருந்தினர் சேவை மேசையில் கேட்டால் சொல்வார்கள்.

அப்புறமும் குழப்பமாக இருந்தால், சாப்பிடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அந்த அறை வாசல் பக்கம் ஒரு நடை நடந்து, உள்ளே போகிறவர்களைப் பாருங்கள். திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம்.

9. கடைசி இரவு

கடைசி இரவும் பொதுவாகக் கேஷுவல். இரவு பத்து, பதினொரு மணிக்குள் பெரிய பெட்டிகளைக் கட்டிக் கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். அவற்றை மறுநாள் துறைமுகத்தில்தான் பார்ப்பீர்கள். எனவே சாப்பிட்டு வந்ததும் மாற்ற இரவு உடை, காலையில் இறங்கப் போடும் உடை இரண்டையும் தனியாக எடுத்துக் கட்டில்மேல் வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.

ஷூவையும் சேர்த்து. நான் சட்டை, பேண்ட், பெல்ட் எல்லாம் கவனமாக எடுத்து வைத்துவிட்டு 3,200 ரூபாய் ஷூவைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். மறுநாள் சிங்கப்பூர் குடிநுழைவு வரிசையில், சாப்பாட்டு அறைக்கு ஆகாது என்று மேலே சொன்ன அதே ரப்பர் செருப்போடுதான் நின்றேன். பக்கத்தில் அப்பா தோல் செருப்பு போட்டிருந்தார்.